அடுக்குமாடி வீட்டுக்கு டிரெட்மில் வாங்குமுன்

டிரெட்மில் வாங்கலாம் என்று முடிவெடுத்த குடும்பம் கடைக்குப் போனதும் முதலில் பார்ப்பது விலையை, அடுத்தது மோட்டாரின் குதிரைத்திறனை, அதற்கடுத்து அதை மடித்து வைக்க முடியுமா என்பதை. இவை மூன்றும் தேவையான விவரங்களே. ஆனால் இவற்றுக்கெல்லாம் முன்னதாக வீட்டில் உட்கார்ந்து பேசித் தீர்க்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: அந்த இயந்திரத்தின்மீது நாம் நடக்கப் போகிறோமா, ஓடப் போகிறோமா? மோட்டார் எவ்வளவு வலுவாக இருக்க வேண்டும், பட்டை எவ்வளவு நீளம் வேண்டும், எந்த அறையில் வைக்கலாம், எவ்வளவு செலவாகும், கீழ்வீட்டாரோடு நம் உறவு எப்படி இருக்கும் என்ற எல்லாவற்றையும் அந்த விடைதான் தீர்மானிக்கிறது. சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடியில் வாழ்ந்துகொண்டு முதன்முறையாக டிரெட்மில் வாங்குபவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு ஏற்றது, ஏற்றச் சாய்வு வசதியுள்ள நடைப்பயிற்சி இயந்திரமே என்பது என் உறுதியான கருத்து. அதற்கான காரணங்களையும், கடையில் எழுதி வைத்திருக்கும் எண்களை எப்படிப் படிப்பது என்பதையும் இங்கே விளக்குகிறேன்.

இயந்திரத்தின் அமைப்பு எளிமையானது. முன்னும் பின்னும் இரண்டு உருளைகள்; அவற்றைச் சுற்றி ஓடும் ஒரு பட்டை; பட்டைக்கு அடியில் நம் எடையைத் தாங்கும் ஒரு பலகை; முன்பக்க உருளையைச் சுழற்றும் மோட்டார். நாம் காலை ஊன்றும் ஒவ்வொரு முறையும் பட்டை பலகையின்மீது அழுந்தி உரசுகிறது, அந்த உராய்வை மீறி மோட்டார் பட்டையை இழுக்கிறது. டிரெட்மில்லில் வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை இந்த உராய்விலிருந்தே தொடங்குகின்றன.

நடையையும் ஓட்டத்தையும் பிரிப்பது வேகம் மட்டும் அன்று. நடக்கும்போது எந்த நொடியிலும் ஒரு பாதமாவது தரையில் இருக்கும். ஓடும்போது இரண்டு பாதங்களும் தரையை விட்டு எழும்பி, பிறகு உடல் முழுவதும் ஒரே பாதத்தில் வந்து விழும். நடையில் பாதம் தரையை அழுத்தும் விசை உடல் எடையை ஒட்டியோ அதைவிடச் சற்றுக் கூடுதலாகவோ இருக்கும். ஓட்டத்தில் அது உடல் எடையின் இரண்டு முதல் மூன்று மடங்கு வரை உயரும். 70 கிலோ எடையுள்ள ஒருவர் ஓடினால், 140 கிலோவிலிருந்து 210 கிலோ வரையிலான விசை ஒரு நிமிடத்தில் 150, 160 முறை கான்கிரீட் தளத்தில் இறங்குகிறது. நம் வீட்டின் தளம்தான் கீழ்வீட்டின் கூரை. மோட்டாரின் ரீங்காரம் கீழே அவ்வளவாகக் கேட்காது. 'தொம் தொம்' என்று இறங்கும் காலடியோசையே கேட்கும். கடையில் 'சத்தமே இல்லாத மோட்டார்' என்று சொல்வது உண்மையாகவே இருந்தாலும், கீழ்வீட்டாருக்கு அதனால் பயன் குறைவு.

இதில் நேரமும் சேர்ந்துகொள்கிறது. அக்கம்பக்கத்து இரைச்சல் பற்றி ஆராய்ந்த சமூக ஆலோசனைக் குழு 2022இல், இரவு 10.30 மணி முதல் காலை 7 மணி வரை என்றிருந்த அமைதி நேரத்தை இரவு 10 மணி முதல் காலை 8 மணி வரை நீட்டிக்கப் பரிந்துரைத்தது. வேலைக்குப் போகிறவர் ஓடுவதற்கு நேரம் ஒதுக்கக்கூடியது பெரும்பாலும் விடியற்காலையில், இல்லையென்றால் பிள்ளைகள் தூங்கிய பிறகு. இரண்டுமே அந்த அமைதி நேரத்துக்குள் விழுகின்றன. இயந்திரத்துக்கு அடியில் தடித்த ரப்பர் விரிப்பு போட்டால் அதிர்வும் ரீங்காரமும் குறையும், ஆனால் ஓட்டத்தின் இடியை அது முழுவதுமாகத் தடுத்துவிடாது. அறையின் நடுப்பகுதியில் தளம் அதிகமாக அதிரும் என்பதால், சுவரையோ தூணையோ ஒட்டிய இடத்தில் வைப்பது ஓரளவு உதவும்.

அப்படியானால் நடை மட்டும் போதுமா, அதில் உடலுக்கு என்ன உழைப்பு இருக்கிறது என்று கேட்பவர்களுக்கான விடை ஏற்றச் சாய்வில் இருக்கிறது. சாய்வை விழுக்காட்டில் குறிப்பார்கள்: 10 விழுக்காடு என்றால் 100 மீட்டர் முன்னேறும்போது 10 மீட்டர் மேலே ஏறுகிறோம் என்று பொருள். அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி நடைக்கும் ஓட்டத்துக்கும் வகுத்துள்ள கணக்கு முறையைப் பயன்படுத்திப் பார்த்தால், சமதளத்தில் மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் நடப்பவர், சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடல் செலவிடும் ஆற்றலைப் போல் ஏறத்தாழ 3.4 மடங்கு செலவிடுகிறார். அதே வேகத்தில் சாய்வை 5 விழுக்காடாக உயர்த்தினால் அது 5.5 மடங்காகிறது. 10 விழுக்காட்டில் 7.7 மடங்காகிறது, சமதளத்தில் மணிக்கு 7 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுவதற்கு ஆகும் உழைப்பும் ஏறக்குறைய இதுவே. ஒரு பாதம் எப்போதும் தரையில் இருக்கிறது, கீழ்வீட்டில் இடி இல்லை, முழங்காலுக்கு ஓட்டத்தின் அதிர்ச்சி இல்லை. இதயமும் நுரையீரலும் மட்டும் ஓடுபவருக்கு நிகராக வேலை செய்கின்றன. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடற்பயிற்சி என்று சிங்கப்பூரின் வழிகாட்டிக் குறிப்புகள் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவை, இரவுச் சாப்பாட்டுக்கும் 10 மணிக்கும் இடைப்பட்ட நேரத்தில் யாருக்கும் தொந்தரவில்லாமல் எட்டிவிடலாம். நீரிழிவு நம் இந்தியச் சமூகத்தில் அதிகம் என்பது நமக்குத் தெரிந்ததே. சாப்பிட்ட பிறகு நடப்பது இரத்தச் சர்க்கரை சட்டென்று உயர்வதைக் குறைக்கிறது என்பதால், வெளியே மழை கொட்டும் இரவிலும் புகைமூட்ட நாள்களிலும் அந்த நடையை விடாமல் தொடர முடிவது இந்த இயந்திரத்தின் பெரிய பயன் என்று நான் நினைக்கிறேன்.

சாய்வைப் பற்றிக் கடையில் கேட்க வேண்டியவை உண்டு. '15 நிலைகள்' என்று எழுதியிருந்தால் அது 15 விழுக்காடு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது; மிக உயர்ந்த நிலை எத்தனை விழுக்காடு என்று தெளிவாகக் கேட்க வேண்டும். சாய்வு மோட்டாரால் ஏறி இறங்குகிறதா, அல்லது ஒவ்வொரு முறையும் இறங்கிக் குனிந்து அடியிலுள்ள காலைக் கையால் மாற்றி வைக்க வேண்டுமா என்பதும் முக்கியம், ஏனென்றால் கையால் மாற்ற வேண்டிய சாய்வை ஓரிரு வாரத்துக்குப் பிறகு யாரும் மாற்றுவதில்லை. புதிதாகத் தொடங்குபவர்கள் 2, 3 விழுக்காட்டில் தொடங்கிச் சில வாரங்களில் படிப்படியாக உயர்த்த வேண்டும். இல்லையென்றால் கெண்டைக்காலும் குதிகால் நாணும் வலிக்கும். ஏற்றத்தில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு பின்னால் சாய்ந்து நடந்தால், கணக்கில் வரும் உழைப்பில் பெரும்பகுதி உடலுக்குக் கிடைக்காமல் போய்விடும். 'எப்போதும் 1 விழுக்காடு வைக்க வேண்டும்' என்று ஓட்டக்காரர்கள் சொல்வதைக் கேட்டிருக்கலாம். திறந்தவெளியில் காற்று தரும் எதிர்ப்பை ஈடுசெய்வதற்காக 1996இல் வெளிவந்த ஓர் ஆய்விலிருந்து பரவிய வழக்கம் அது, வேகமாக ஓடுபவர்களுக்கு மட்டுமே பொருந்தும்.

ஓடத்தான் வேண்டும் என்று உறுதியாக இருப்பவர்களைத் தடுக்க நான் விரும்பவில்லை. தரைவீட்டிலோ, கீழே வீடில்லாத தளத்திலோ இருந்தால் ஓட்ட இயந்திரம் நல்ல முடிவுதான். மற்றவர்கள், ஓட்டத்துக்குப் பூங்கா இணைப்புப் பாதைகளையும் விளையாட்டரங்கத் தடங்களையும் பயன்படுத்திக்கொண்டு, வீட்டு இயந்திரத்தை ஏற்ற நடைக்கு என்று வைத்துக்கொள்வது நல்லது.

இப்போது குதிரைத்திறன். ஒரு குதிரைத்திறன் என்பது சுமார் 746 வாட். நம் வீட்டுச் சுவரில் உள்ள சாதாரண மின்செருகி 230 வோல்ட்டில் அதிகபட்சம் 13 ஆம்பியர் தரும். பெருக்கினால் ஏறக்குறைய 3,000 வாட், அதாவது 4 குதிரைத்திறன். சுவரிலிருந்தே அவ்வளவுதான் வரும் என்னும்போது, '6 குதிரைத்திறன்', '8 குதிரைத்திறன்' என்ற அட்டைகள் எதைச் சொல்கின்றன? மோட்டார் கணநேரத்துக்கு எட்டக்கூடிய உச்ச அளவை. நமக்கு வேண்டியது, தொடர்ந்து அரை மணி நேரம், ஒரு மணி நேரம் தாக்குப்பிடித்துத் தரும் திறன். 'தொடர் குதிரைத்திறன் எவ்வளவு?' என்று கேளுங்கள். விற்பவர் விடை சொல்லத் தயங்கினால் அந்த இயந்திரத்தை விட்டுவிடலாம். நடைக்கு 1.5 முதல் 2, மெல்லோட்டத்துக்கு 2.5, ஓட்டத்துக்கு 3 அல்லது அதற்குமேல் என்பது நடைமுறையில் பயன்படும் அளவு. மெதுவாக நடப்பது மோட்டாருக்கு எளிது என்று எண்ணிவிட வேண்டாம்: உடல் பருமன் உள்ளவர் மெல்ல நடக்கும்போது பட்டையை இழுக்க மோட்டார் அதிக விசை தர வேண்டியிருக்கிறது, அதைக் குளிர்விக்கும் விசிறியோ அதே வேளையில் மெதுவாகத்தான் சுழல்கிறது. ஆகவே இயந்திரம் தாங்கும் எடை, வீட்டில் அதிக எடையுள்ளவரின் எடையைவிட 20 கிலோவாவது கூடுதலாக இருக்கட்டும். மின்கம்பியை நேராகச் சுவர்ச் செருகியில் இணைக்க வேண்டும். இஸ்திரிப் பெட்டியோடு பங்கிட்டுக்கொள்ளும் நீட்டிப்புக் கம்பியில் செருகுவது ஆபத்து. இணையத்தில் வெளிநாட்டிலிருந்து வரவழைப்பவர்கள், அது 230 வோல்ட்டுக்கு உரியதா, நம் மூன்றுமுனைச் செருகியுடன் வருகிறதா என்பதைப் பணம் கட்டுமுன் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பட்டையின் அளவில் அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை. நடைக்கு 45 சென்டிமீட்டர் அகலமும் 120 சென்டிமீட்டர் நீளமும் வசதியாக இருக்கும். ஓடுவதற்கு 50 சென்டிமீட்டர் அகலமும் 140 சென்டிமீட்டருக்குக் குறையாத நீளமும் வேண்டும்.

இடம்தான் பலரை ஏமாற்றுகிறது. கடையின் பெரிய கூடத்தில் சிறியதாகத் தெரியும் இயந்திரம் நம் அறைக்குள் வந்ததும் பூதாகாரமாக நிற்கும். இயந்திரத்தின் நீளத்தை மட்டும் அளந்தால் போதாது: தவறி விழுபவரைப் பட்டை பின்பக்கமாகத்தான் தள்ளும் என்பதால், பின்னால் 2 மீட்டரும் பக்கவாட்டில் அரை மீட்டரும் காலியாக இருக்க வேண்டும் என்று தயாரிப்பாளர்களின் கையேடுகள் சொல்கின்றன. 1.7 மீட்டர் நீள இயந்திரம் என்றால் மொத்தம் 3.7 மீட்டர், மூன்று மீட்டர் நீளமுள்ள படுக்கையறைக்குள் அது அடங்காது. ஆகவே வரவேற்பறை, அதுவும் பின்பக்கம் சுவரையோ கண்ணாடி அலமாரியையோ பார்க்காதபடி. மடிக்கும் வகை வாங்கினாலும் விரித்த நிலையின் அளவையே கணக்கிட வேண்டும். வீட்டுக்குள் இருக்கும் காப்பறையான பாம் ஷெல்டரில் வைத்துவிடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். காற்றோட்டம் குறைந்த அந்தச் சிற்றறையில் உடற்பயிற்சி செய்யக் கூடாது. வாசலுக்கு வெளியே பொது நடைபாதையில் வைப்பதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், தீயணைப்பு விதிப்படி அங்கு 1.2 மீட்டர் வழி விட்டிருக்க வேண்டும்.

தலைக்கு மேலும் அளக்க வேண்டும். 1.75 மீட்டர் உயரமுள்ளவர் 20 சென்டிமீட்டர் உயரப் பலகையில் ஏறி நின்றால் தலை 1.95 மீட்டரில் இருக்கிறது. சாய்வை 10 விழுக்காடாக்கினால் பலகையின் முன்பகுதி இன்னும் 12 சென்டிமீட்டர் உயர்ந்து, தலை 2.07 மீட்டருக்குப் போகிறது. கூரை 2.6 மீட்டர் உயரமுள்ள வீட்டில், கம்பியில் தொங்கும் மின்விசிறியின் இறக்கை 2.3 மீட்டரில் சுழலலாம். முகத்தைத் துடைக்கத் துண்டை எடுத்துக் கையைத் தூக்கினால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. இயந்திரம் மின்விசிறிக்கு நேர்கீழே வரக் கூடாது. காற்றுக்கு ஒரு மேசை விசிறியை முன்னால் வைத்துக்கொள்ளலாம். நம் ஊரின் ஈரப்பதத்தில் வியர்வை உலராது என்பதால் விசிறி அவசியமே.

தளம் தாங்குமா என்ற அச்சம் பலருக்கு உண்டு. குடியிருப்புத் தளங்கள் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ தாங்கும்படி வடிவமைக்கப்படுகின்றன. 60 கிலோ இயந்திரத்தில் 80 கிலோ மனிதர் நடந்தால் 140 கிலோ. அது ஏறக்குறைய 1.3 சதுர மீட்டரில் பரவுகிறது, அதாவது சதுர மீட்டருக்கு 110 கிலோவுக்கும் குறைவு. வீட்டுக்கென்று செய்த நடை இயந்திரத்தால் தளத்துக்கு ஆபத்தில்லை. தரையின் மேற்பூச்சைத்தான் கவனிக்க வேண்டும்: வைனில் தரையில் ரப்பர் விரிப்பு நீண்ட நாள் கிடந்தால் அழியாத கறை படியக்கூடும், எனவே வைனிலுக்குப் பாதுகாப்பானது என்று குறிப்பிட்ட விரிப்பையே வாங்குங்கள்.

கட்டிலுக்கு அடியில் தள்ளி வைக்கக்கூடிய, சில நூறு வெள்ளிக்குக் கிடைக்கும் 'வாக்கிங் பேட்' இப்போது பரவலாக விற்பனையாகிறது. மணிக்கு 6 கிலோமீட்டர் வரை போகும், பட்டை சிறியது, பெரும்பாலானவற்றில் கைப்பிடியும் இல்லை, சாய்வும் இல்லை. நின்றபடி வேலை செய்யும் இளையவருக்கு அது பொருத்தமானது. தாத்தாவுக்கும் பாட்டிக்கும் அதை வாங்கித் தராதீர்கள். முதியவர்களுக்கு வேண்டியது உயரம் குறைந்த பலகை, பக்கவாட்டில் நீண்டு வரும் கைப்பிடி, மணிக்கு 1 கிலோமீட்டருக்கு மிகாத தொடக்க வேகம். இதய நோயோ, நீரிழிவால் பாதத்தில் உணர்வுக் குறைவோ உள்ளவர்கள் தொடங்குவதற்கு முன் தங்கள் குடும்ப மருத்துவரைக் கேட்க வேண்டும்.

பெரும்பாலான இயந்திரங்களில் சிவப்பு நிறத்தில் ஒரு பாதுகாப்புச் சாவி கயிற்றுடன் தொங்கும். அதன் கவ்வியைச் சட்டையில் மாட்டிக்கொண்டால், விழும்போது சாவி பிடுங்கிக்கொண்டு பட்டை நின்றுவிடும். பலரும் இதை மாட்டுவதில்லை என்பது எனக்கு மிகுந்த கவலை தருகிறது. நம் வீடுகளில் இன்னும் இரண்டு வழக்கங்களைக் கவனிக்க வேண்டும். துப்பட்டாவும் புடவைத் தலைப்பும் பின்பக்க உருளையில் சிக்கும், ஆகவே அவற்றோடு ஏறக் கூடாது. வீட்டுக்குள் வெறுங்காலோடு இருப்பது நம் பழக்கம், ஆனால் பட்டையின் உராய்வு பாதத்தோலைத் தேய்த்துவிடும். வெளியில் போட்டுப் போகாத ஒரு ஜோடிக் காலணியை இயந்திரத்துக்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைகள் இருக்கும் வீட்டில், பயிற்சி முடிந்ததும் சாவியைக் கழற்றி எட்டாத இடத்தில் வைப்பதைக் கட்டாயமாக்க வேண்டும். அமெரிக்காவில் பெலோட்டன் நிறுவனத்தின் ட்ரெட் பிளஸ் இயந்திரங்கள், ஒரு குழந்தை இறந்து, 70க்கும் மேற்பட்ட விபத்துகள் பதிவான பிறகு, 2021 மே மாதம் சந்தையிலிருந்து மீட்டுக்கொள்ளப்பட்டன. இயந்திரத்தின் பின்பகுதி ஆள்களை அடியில் இழுத்ததே அங்கு நேர்ந்த ஆபத்து.

கடைக்குப் போகும்போது காலணியை எடுத்துச் செல்லுங்கள், வெட்கப்படாமல் பத்து நிமிடமாவது நடந்து பாருங்கள். வேகத்தை 2 கிலோமீட்டரில் வைத்து, முழு எடையையும் ஒரு காலில் அழுத்தி ஊன்றும்போது பட்டை ஒரு கணம் தயங்கி, பிறகு வெட்டி இழுத்தாற்போல் நகர்ந்தால், மோட்டார் உங்கள் எடைக்குப் போதவில்லை, அல்லது பட்டை தளர்ந்திருக்கிறது. சாய்வை உச்சத்துக்கு ஏற்றி, கைப்பிடியைப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் கொடுத்தால் வேண்டாம். எவ்வளவு எடை, மின்தூக்கிக்குள் பெட்டி நுழையுமா, படியில் தூக்க வேண்டியிருந்தால் கூடுதல் கட்டணம் உண்டா, பொருத்தித் தருவார்களா, பழுதானால் வீட்டுக்கு வருவார்களா என்பவற்றையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பழைய பொருள்களை விற்க உதவும் கரோசல் போன்ற இணையத்தளங்களில் அதிகம் பயன்படுத்தாத இயந்திரங்கள் பாதி விலைக்கும் குறைவாகக் கிடைக்கின்றன, நல்ல வாய்ப்புதான். ஆனால் 2012 செப்டம்பரில் நடப்புக்கு வந்த 'லெமன் சட்டம்', பொருளை ஒப்படைத்த ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறை தொடக்கத்திலேயே இருந்ததாகக் கொண்டு வாங்கியவருக்குப் பாதுகாப்பு அளிப்பது, வணிகரிடம் வாங்கினால் மட்டுமே. தனிநபரிடம் வாங்கும்போது அது பொருந்தாது. எனவே பழைய இயந்திரத்தை நேரில் போய் ஓடவிட்டே வாங்க வேண்டும். நிறுத்திவிட்டு, பட்டையின் ஓரத்தைத் தூக்கி அடியில் பலகையை விரலால் தடவிப் பாருங்கள். வழுவழுப்பாக மெல்லிய எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டினால் பராமரித்திருக்கிறார்கள். காய்ந்து, கறுத்த தூள் விரலில் வந்தால் பட்டையும் பலகையும் தேய்ந்துகொண்டிருக்கின்றன, மோட்டாரும் அதற்கேற்பச் சூடேறியிருக்கும்.

புதிதாக வாங்கிய இயந்திரத்துக்கும் இதே சோதனையைச் சில மாதங்களுக்கு ஒருமுறை செய்து, கையேடு சொல்லும் சிலிக்கான் எண்ணெயை மட்டுமே இட வேண்டும். வீட்டில் கதவுக்கும் சைக்கிளுக்கும் போடும் எண்ணெய் பட்டையைக் கெடுத்துவிடும். பட்டை ஒரு பக்கமாக ஒதுங்கினால், எந்தப் பக்கம் ஒதுங்குகிறதோ அந்தப் பக்கத்துப் பின்திருகை, இயந்திரத்தோடு வந்த திருகுகோலால் கால் சுற்று இறுக்கி, ஆளில்லாமல் ஒரு நிமிடம் மெதுவாக ஓடவிட்டுப் பார்த்து, தேவைப்பட்டால் இன்னொரு கால் சுற்று இறுக்கலாம்.